வாசகர் கேள்வி – பதில்: எட்டு ஆட்டங்கள், எட்டு வெற்றிகள்

சென்ற இதழில் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: “2023 உலகக் கோப்பைக் கூடைப்பந்தில் ஜெர்மனி கோப்பையை வென்றது இறுதி ஆட்டத்தில் அல்ல, காலிறுதியில்தான்.” அந்த வரிக்கு விளக்கம் கேட்டும், அதை மறுத்தும், அந்தப் போட்டியைப் பற்றி மேலும் அறிய விரும்பியும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஜெர்மனி என்றாலே எனக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். கூடைப்பந்தில் அவர்கள் உலகச் சாம்பியன் ஆனதே உங்கள் வரியைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்ல முடியுமா?
– வாசகர், வேலூர்

ஜெர்மனியிலேயே பலருக்கு உங்களைப் போலத்தான் இருந்தது. கட்டணம் செலுத்தியவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய சேவையில்தான் அங்கே அந்த ஆட்டங்கள் ஒளிபரப்பாயின. அணி இறுதிக்கு வந்த பிறகே பொதுத் தொலைக்காட்சியான இசட்.டி.எஃப். அந்த ஓர் ஆட்டத்தை எல்லாருக்குமாக ஒளிபரப்பியது.

32 நாடுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியைப் பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து 2023 ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 10 வரை நடத்தின. ஜெர்மனியின் முதல் ஐந்து ஆட்டங்களும் ஜப்பானின் ஒகினாவாவில் நடந்தன. முதல் நாளே சொந்த மண்ணில் ஆடிய ஜப்பானை 81–63 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்திலேயே அணியின் இளம் நட்சத்திரமான ஃப்ரான்ஸ் வாக்னருக்குக் கணுக்கால் பிசகியதால், அடுத்த நான்கு ஆட்டங்களில் அவரால் களமிறங்க முடியவில்லை. அவர் இல்லாமல் ஆஸ்திரேலியாவை 85–82 என்று மயிரிழையில் வென்றார்கள். அணித்தலைவர் டென்னிஸ் ஷ்ரோடர் 30 புள்ளிகளும் மாவோடோ லோ 20 புள்ளிகளும் எடுத்த ஆட்டம் அது. பிறகு பின்லாந்தை 101–75, ஜார்ஜியாவை 100–73, லூகா டான்சிச் ஆடிய ஸ்லோவேனியாவை 100–71 என்று அடுத்தடுத்து வீழ்த்திவிட்டு மணிலாவுக்கு விமானம் ஏறினார்கள்.

மணிலாவில் மூன்று ஆட்டங்கள் நடந்தன. காலிறுதியில் லாட்வியாவை 81–79, அரையிறுதியில் அமெரிக்காவை 113–111, இறுதியில் செர்பியாவை 83–77 என்று வென்றார்கள். முதல் ஐந்து ஆட்டங்களின் வெற்றி வித்தியாசத்தைக் கூட்டினால் 103 புள்ளிகள் வரும். கடைசி மூன்றையும் கூட்டினால் பத்தே புள்ளிகள். ஒரு பட்டம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களையே நான் சாட்சியாக வைப்பேன்.

நான் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். லாட்வியாவுக்கு எதிரான காலிறுதியில் ஷ்ரோடர் 26 முறை எறிந்து 4 முறை மட்டுமே வளையத்தில் போட்டார் என்கிறார்கள். பள்ளி அணியாக இருந்தாலும் அப்படி ஆடுபவனை நான் வெளியே அழைத்து உட்கார வைத்திருப்பேன். அந்த ஆட்டத்தைப் போய்க் கோப்பையை வென்ற ஆட்டம் என்று எப்படி எழுதினீர்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, தாங்கள் சொன்ன எண்ணிக்கை சரியானதே. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எட்டு முறை எறிந்தார்; எட்டும் வீண். ஆட்டம் முழுவதிலும் அவர் எடுத்தவை ஒன்பது புள்ளிகள். உலகக் கோப்பைக் காலிறுதியில் ஓர் அணித்தலைவருக்கு இதைவிட மோசமான ஒரு நாள் வாய்ப்பது அரிது. ஆட்டக் குறிப்பை மட்டும் படிப்பவருக்கு, தங்களைப் போலவே, இவரை ஏன் பயிற்சியாளர் வெளியே எடுக்கவில்லை என்ற கேள்விதான் முதலில் எழும்.

எதிரணியின் பக்கமிருந்தும் அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். லாட்வியா அப்போதுதான் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. அவர்களுடைய பெரிய வீரரான கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் காயத்தால் வரவே இல்லை. அப்படியிருந்தும் பிரான்ஸையும் நடப்புச் சாம்பியனான ஸ்பெயினையும் தோற்கடித்துவிட்டுத்தான் காலிறுதிக்கு வந்திருந்தார்கள். இழப்பதற்கு ஒன்றுமில்லாத அணியை எதிர்த்து ஆடுவதுதான் மிகக் கடினம் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று ஃப்ரான்ஸ் வாக்னர் காயத்திலிருந்து திரும்பி வந்து 16 புள்ளிகள் எடுத்தார். ஷ்ரோடரின் கையிலிருந்து பந்து வளையத்தில் விழாத ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் தெறித்த பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்குப் பாய்ந்தார்கள், தடுப்பாட்டத்துக்கு ஓடினார்கள், கிடைத்த சிறிய இடைவெளியில் தங்கள் பங்குக்குப் போட்டார்கள். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஜெர்மனி இரண்டு புள்ளிகள் மட்டுமே முன்னிலையில் இருந்தது; பந்து லாட்வியாவின் டாவிஸ் பெர்டான்ஸின் கைக்குப் போனது. நெடுந்தொலைவிலிருந்து எறிவதற்கென்றே பிறந்தவர் என்று சொல்லத்தக்க வீரர் அவர். பந்து உள்ளே விழுந்தால் மூன்று புள்ளிகள், லாட்வியாவுக்கு ஒரு புள்ளியில் வெற்றி. அவர் எறிந்தார். பந்து உயர்ந்து வளைந்து இறங்கும் அந்த ஒரு நொடியில் எட்டு வெற்றிகளும், கோப்பையும், அதன் பின் வந்த எல்லாப் புகழும் அந்தரத்தில் நின்றன. பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது.

இனி நான் அப்படி எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன். அந்த அணி அதுவரை ஷ்ரோடரின் அணி என்றே பேசப்பட்டது. அவர் நன்றாக ஆடினால் ஜெர்மனி வெல்லும், இல்லாவிட்டால் தோற்கும் என்பதே பலருடைய கணிப்பு. அவர் முற்றிலும் தடுமாறிய ஒரு நாளில், தோற்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய ஓர் ஆட்டத்தில், மற்ற தோழர்கள் அணியைத் தாங்கிப் பிடித்தார்கள். தாங்கிப் பிடித்ததோடு அவரை ஒதுக்கிவிடவும் இல்லை. பயிற்சியாளர் கார்டன் ஹெர்பர்ட் அவரை நம்பிக் களத்தில் வைத்திருந்தார். அந்த நம்பிக்கைக்கு விலை இருந்தது, அந்த விலை ஏறத்தாழ ஒரு தோல்வியாகவே முடிந்திருக்கும். நான்கே நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் அதே ஷ்ரோடர் 28 புள்ளிகள் எடுத்தார். போட்டியின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. காலிறுதியில் வெளியே உட்கார வைக்கப்பட்டு மனம் சுருங்கிய ஒருவரிடமிருந்து அந்த 28 புள்ளிகள் வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தங்கள் முப்பது ஆண்டு அனுபவத்துக்கு முன் இது ஒரு பார்வையாளனின் தீர்ப்புதான். பள்ளி அணியில் தாங்கள் செய்திருக்கக்கூடியது தவறென்று நான் சொல்ல வரவில்லை. வளரும் பிள்ளைக்கு நிதானத்தைக் கற்பிப்பது வேறு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில் பத்தாண்டுகள் ஆடி முதிர்ந்தவரை அவருடைய கெட்ட நாளில் கைவிடாமல் இருப்பது வேறு.

அமெரிக்கா தன் முதல்தர வீரர்களை அனுப்பவே இல்லை. அனுப்பியிருந்தால் ஜெர்மனி இறுதிக்கு வந்திருக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டீஃபன் கரி, கெவின் டூரன்ட் ஆகியோர் மணிலாவுக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் வந்த பன்னிருவரும் என்.பி.ஏ. வீரர்கள். ஆந்தனி எட்வர்ட்ஸ், ஜேலன் பிரன்சன், ஆஸ்டின் ரீவ்ஸ், மிகால் பிரிட்ஜஸ் ஆகியோரைக் கொண்ட அணியை இரண்டாம்தர அணி என்று சொல்வது அவர்களுக்கும் நியாயமன்று. ஜெர்மனியின் பன்னிருவரில் அப்போது என்.பி.ஏ.யில் இருந்தவர்கள் நால்வர்: ஷ்ரோடர், வாக்னர் சகோதரர்களான ஃப்ரான்ஸும் மோரிட்ஸும், டேனியல் டைஸ். மற்றவர்கள் ஐரோப்பியக் கிளப்புகளில் ஆடியவர்கள்.

அவர்களில் ஒருவர்தான் அந்த அரையிறுதியைத் தீர்மானித்தார். ஆண்ட்ரியாஸ் ஓப்ஸ்ட், பயர்ன் மியூனிக் கிளப்பின் வீரர். ஜெர்மனிக்கு வெளியே அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அன்று மிகக் குறைவு. பாதி ஆட்டத்தின் முடிவில் அமெரிக்கா 60–59 என்று ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. மூன்றாம் பகுதியின் பத்து நிமிடங்களில் ஜெர்மனி 35 புள்ளிகள் குவித்துப் பத்துப் புள்ளிகள் முந்தியது. நான்காம் பகுதியில் அமெரிக்கா துரத்தித் துரத்தி வந்து 108–107 என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. அந்த நேரத்தில் ஓப்ஸ்ட் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து நேராக வலைக்குள் விழுந்தது. முன்னிலை நான்கு புள்ளிகள் ஆயிற்று. அன்று அவர் எடுத்த மொத்தம் 24 புள்ளிகள், இரு அணிகளிலும் அவருடையதே அதிகம். காலிறுதியில் திணறிய ஷ்ரோடர் இந்த ஆட்டத்தில் 17 புள்ளிகள் எடுத்ததோடு, தோழர்கள் புள்ளி போடுவதற்கு ஒன்பது முறை பந்தைக் கொடுத்து உதவினார்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், உலகக் கோப்பை ஆட்டம் 40 நிமிடம். என்.பி.ஏ.யில் தடுப்பாளர் எவரையும் காவல் காக்காமல் வளையத்துக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. இங்கே அந்தத் தடை இல்லை. இந்த ஆட்டத்தை ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் சேர்ந்து ஆடிப் பழகியவர்களுக்கும், சில வாரப் பயிற்சியில் ஒன்று சேர்ந்தவர்களுக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அமெரிக்கா அதற்கு முன் லித்துவேனியாவிடமும் 104–110 என்று தோற்றிருந்தது. பிறகு மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கனடாவிடமும் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பியது. தங்கள் கேள்வியின் பிற்பாதிக்கு ஒரே விடைதான்: வந்தவர்களோடுதான் ஆட முடியும், வந்தவர்களை ஜெர்மனி வென்றது.

2019 உலகக் கோப்பையில் 18ஆம் இடத்தில் இருந்த அணி நான்கே ஆண்டுகளில் சாம்பியன் ஆனது எப்படி? திறமையான வீரர்கள் திடீரென்று கிடைத்துவிட்டார்களா?
– கல்லூரி மாணவி, சென்னை

திடீரென்று கிடைக்கவில்லை. 2023 அணியின் ஷ்ரோடரும் டைஸும் ஃபோய்க்ட்மனும் 2019இல் சீனாவில் தோற்ற அணியிலும் இருந்தார்கள். அங்கே பிரான்ஸிடம் தோற்றது போதாதென்று டொமினிகன் குடியரசிடமும் 68–70 என்று தோற்று, முதல் சுற்றிலேயே பட்டத்துக்கான வாய்ப்பை இழந்தார்கள். ஆகவே திறமைக் குறைவு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

2021இல் ஹெர்பர்ட் பொறுப்பேற்றார். கனடாவில் பிறந்தவர், 1984 ஒலிம்பிக்கில் கனடா அணிக்காக ஆடியவர், ஃபிராங்க்ஃபர்ட் உள்ளிட்ட ஜெர்மானியக் கிளப்புகளில் நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்ததால் அந்நாட்டுக் கூடைப்பந்தை உள்ளும் புறமும் அறிந்தவர். அவர் வீரர்களிடம் கேட்டது ஒரு வாக்குறுதி: 2022 ஐரோப்பியப் போட்டி, 2023 உலகக் கோப்பை, 2024 ஒலிம்பிக் என்று மூன்று கோடைகளையும் நாட்டு அணிக்குத் தர வேண்டும்.

இதன் அருமை புரிய ஒரு கூடைப்பந்து வீரரின் ஆண்டைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் மே, ஜூன் வரை கிளப்புக்காக ஆடுகிறார். உடல் ஓய்வெடுக்க இருப்பது கோடை ஒன்றுதான். ஒப்பந்தம் முடிந்த நேரத்தில் காயம்பட்டால் வாழ்வாதாரமே போகும் என்ற அச்சமும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷ்ரோடரே ஆடாமல் போனதற்கு ஒப்பந்தமும் காப்பீடும்தான் காரணம். அப்படிப்பட்டவர்களிடம் மூன்று கோடைகளைக் கேட்பது சிறிய கோரிக்கை அன்று. முதல் கோடையிலேயே பலன் தெரிந்தது: 2022இல் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் ஸ்பெயினிடம் 91–96 என்று தோற்றாலும், போலந்தை வென்று வெண்கலம் பெற்றார்கள்.

அந்த அணிக்குள் மனத்தாங்கலே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2023இல் ஸ்லோவேனியாவுக்கு எதிரான ஆட்டத்தின் டைம் அவுட் ஒன்றில் ஷ்ரோடரும் டைஸும் கேமராக்கள் பார்க்க மோதிக்கொண்டார்கள். ஹெர்பர்ட் குரலை உயர்த்தி ஷ்ரோடரை உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார். ஆட்டம் தொடர்ந்தது, 29 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார்கள். வீட்டில் அண்ணன் தம்பி சண்டைபோட்டுக்கொண்டு அடுத்த வேளை ஒரே இலை வரிசையில் அமர்ந்து உண்பதைப் போல அது கடந்துபோனது. ஒருவரையொருவர் பல ஆண்டுகளாக அறிந்தவர்களால்தான் இப்படிக் கடந்துபோக முடியும்.

இறுதி ஆட்டத்தில் தோற்ற செர்பியாவின் பயிற்சியாளர் ஒரு காலத்தில் ஜெர்மனியின் பயிற்சியாளராக இருந்தவர் என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உண்மை. அந்தப் போட்டியில் என் மனத்தை மிகவும் நெகிழ வைத்த செய்தியும் அதுவே.

ஸ்வெதிஸ்லாவ் பெஷிச் 1993இல் ஜெர்மனியின் பயிற்சியாளராக இருந்தார். அந்த ஆண்டு மியூனிக்கில் நடந்த ஐரோப்பியப் போட்டியின் இறுதியில், கடைசி நொடிகளில் கிறிஸ்டியான் வெல்ப் பந்தை வளையத்தில் போட்டார்; அப்போது ரஷ்ய வீரர் அவர்மீது ஃபவுல் செய்ததால், தடுப்பாரின்றி எறியக் கிடைத்த ஃப்ரீ த்ரோவையும் தவறாமல் போட, ஜெர்மனி 71–70 என்று வென்றது. ஜெர்மனியின் முதல் பெரிய பட்டம் அது. பிறகு முப்பது ஆண்டுகள் அதற்கு இணையாக இன்னொன்று வரவில்லை. உலகமே வியந்த ஜெர்மானிய வீரர் டிர்க் நோவிட்ஸ்கியின் காலத்தில்கூட 2002 உலகப் போட்டியில் வெண்கலமும், 2005 ஐரோப்பியப் போட்டியில் வெள்ளியும்தான் கிடைத்தன. பெஷிச்சின் மகன் மார்கோ பெஷிச் அந்த இரண்டு அணிகளிலும் ஜெர்மனிக்காக ஆடியவர்.

முப்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனி உலகப் பட்டத்தை நெருங்கிய நாளில், எதிர்ப்பக்கத்தில் தன் தாய்நாட்டு அணியோடு நின்றவர் அதே பெஷிச். செர்பியாவின் பெரிய வீரரான நிகோலா யோகிச் இல்லாமல் வந்த அணி அது. குழு ஆட்டம் ஒன்றில் வயிற்றில் அடிபட்ட போரிஷா சிமானிச் என்ற வீரர் ஒரு சிறுநீரகத்தையே இழந்திருந்தார். அந்தத் துயரத்தையும் சுமந்துகொண்டுதான் செர்பியர்கள் இறுதிவரை வந்தார்கள். அவர்களுக்கும் கோப்பை கிடைத்திருக்கலாமே என்று எனக்கு அன்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி மாலை 6.10க்கு ஆட்டம் தொடங்கியது. பாதி ஆட்டத்தில் 47–47. மூன்றாம் பகுதியில் ஜெர்மனியின் தடுப்பாட்டம் இறுகி, செர்பியாவைப் பத்துப் புள்ளிகளோடு நிறுத்தியது. ஜெர்மானியர்கள் 22 எடுத்தார்கள். போக்தான் போக்தானோவிச்சும் அலெக்சா அவ்ராமோவிச்சும் விடவில்லை, கடைசி நிமிடத்தில் மிக அருகில் வந்துவிட்டார்கள். அப்போது ஷ்ரோடர் பந்தை எடுத்துக்கொண்டு தடுப்பாளர்களைக் கடந்து நேரே வளையத்தை நோக்கிப் புகுந்து இரண்டு புள்ளிகள் போட்டார். பிறகு கிடைத்த ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். நான்கு நாள் முன்பு 22 முறை குறி தவறிய அதே கை.

ஷ்ரோடர் பிறந்த ஆண்டும் 1993தான். மியூனிக் வெற்றிக்குச் சில வாரங்கள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்தார்.

ஒரு தோல்வியும் இல்லாமல் உலகக் கோப்பையை வெல்வது அபூர்வமா?
– வாசகர், சேலம்

அண்மைக் காலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 2006இல் ஸ்பெயின், 2010இலும் 2014இலும் அமெரிக்கா, 2019இல் மீண்டும் ஸ்பெயின், 2023இல் ஜெர்மனி என்று ஐந்து சாம்பியன்களும் தோல்வியே காணாதவர்கள். 2006இல் ஸ்பெயினுக்குப் போலவே, ஜெர்மனிக்கும் அது முதல் உலகப் பட்டம்.

அதன் பிறகு அந்த அணி என்ன ஆயிற்று? அந்த வெற்றி ஒரு கோடையோடு முடிந்துவிட்டதா? ஷ்ரோடர் அடுத்த உலகக் கோப்பையிலும் ஆடுவாரா?
– வாசகர், மதுரை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குழு ஆட்டங்கள் மூன்றையும் வென்றார்கள். அவற்றுள் ஒன்று பிரான்ஸுக்கு எதிராக 85–71. காலிறுதியில் கிரீஸையும் வென்றார்கள். ஆனால் அரையிறுதியில் அதே பிரான்ஸ் 73–69 என்று பழிதீர்த்துக்கொண்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் செர்பியா 93–83 என்று மணிலாவின் கணக்கைத் தீர்த்தது. பதக்கமின்றி நான்காம் இடத்தோடு திரும்பினார்கள். கேட்ட மூன்று கோடைகளும் முடிந்தன, ஹெர்பர்ட் விடைபெற்றார்.

அத்தோடு கலைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். 2025 ஐரோப்பியப் போட்டிக்கு ஸ்பெயின் நாட்டவரான அலெக்ஸ் மும்ப்ரூ பயிற்சியாளராக வந்தார். போட்டி தொடங்கும் நேரத்தில் அவர் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உதவிப் பயிற்சியாளர் ஆலன் இப்ராஹிமாகிச் அணியை நடத்தினார். மோரிட்ஸ் வாக்னர் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. அப்படியிருந்தும் ஷ்ரோடர், ஃப்ரான்ஸ் வாக்னர், டைஸ், ஓப்ஸ்ட், லோ, ஃபோய்க்ட்மன், ஐசக் போங்கா என்று 2023இன் பழைய முகங்கள் மீண்டும் ஒன்று சேர்ந்து, ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதையும் வென்றார்கள். செப்டம்பர் 14 அன்று ரீகாவில் நடந்த இறுதியில் துருக்கியை 88–83 என்று வீழ்த்தினார்கள். அன்று 20 புள்ளிகள் எடுத்து அணியைத் தாங்கியவர் போங்கா. ஆட்டத்தின் முடிவில் ஜெர்மனியின் கடைசிப் புள்ளிகளைப் போட்டவர் ஷ்ரோடர். போட்டியின் சிறந்த வீரர் விருது மறுபடியும் அவருக்கே. ரீகா லாட்வியாவின் தலைநகர். பெர்டான்ஸின் பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்காமல் உள்ளே விழுந்திருந்தால் அந்த நகரம் எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று அன்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த உலகக் கோப்பை 2027 ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 12 வரை கத்தாரின் தோஹாவில் நடக்கவிருக்கிறது. இறுதி ஆட்டம் முடிந்து மூன்றாம் நாள் ஷ்ரோடருக்கு 34 வயது நிறையும். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக ஆடுபவருக்கு அது முடியாத வயது அன்று. அவர் ஆட வேண்டும் என்பதே என் ஆசை.